வல்லினக்காரர்களை நினைப்பது எப்படி?

திருவேட்டக்குடியிலிருந்து கடலை ஒட்டியே வடக்கே போனால் தரங்கம்பாடி வரும். அங்கிருந்து மேற்கே திரும்பினால் ஆக்கூர், செம்பனார்கோயில், அதன் பக்கத்திலேயே புஞ்சை. இன்னும் மேற்கே போனால் மயிலாடுதுறை, காவிரியின் வடகரையில் திருஇந்தளூர். பூம்புகார்ப் பக்கம் போனால் சாயாவனம். பெரும்பாலும் தேவாரப் பாடல் பெற்ற தலங்கள். திருவேட்டக்குடிக்குச் சம்பந்தர் பாடிய பதிகம் மூன்றாம் திருமுறையில் இருக்கிறது. புஞ்சைதான் திருநனிபள்ளி. சாயாவனம்தான் திருச்சாய்க்காடு. இந்தளூர் ஆழ்வார் பாடியது.

இதே ஊர்களுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. அதைச் சொல்லும் பலகை எங்கும் கண்ணில் படாது. புஞ்சையில் 1936இல் பிறந்தவர் ந. முத்துசாமி. திருஇந்தளூரில் 1938இல் பிறந்த ரங்கநாதன்தான் ஞானக்கூத்தன். மயிலாடுதுறையில் 1940இல் பிறந்த சா. கந்தசாமி, தன் முதல் நாவலுக்குச் ‘சாயாவனம்’ என்று பெயர் வைத்தார். 1970 அக்டோபரில் சென்னையில் ‘கசடதபற’ என்ற இதழ் தொடங்கியபோது அதன் முன்வரிசையில் இந்த மூவரும் இருந்தார்கள். தன்னை ‘வல்லின மாத ஏடு’ என்று அறிவித்துக்கொண்ட இதழ் அது. தமிழ் எழுத்து அதுவரை பழகியிருந்த இனிப்பையும் மேடைக் குரலையும் கல்லூரி மரியாதையையும் வேண்டாம் என்று தள்ளிய ஒரு கூட்டத்தின் முக்கியமான மூன்று பேர் காவிரிக் கடைமடைக்காரர்கள் என்பது தற்செயலாக இருக்கலாம். ஆனால் பெரிய விஷயம்.

2016 ஜூலை 27இல் ஞானக்கூத்தன் போனார். 2018 அக்டோபர் 24இல் முத்துசாமி. 2020 ஜூலை 31இல் கந்தசாமி. அதே ஆண்டு நவம்பரில், கசடதபறக் குழுவில் இருந்து பின்னர் க்ரியா பதிப்பகத்தைக் கட்டிய எஸ். ராமகிருஷ்ணன் கொரோனாவில் மறைந்தார். நான்கே ஆண்டுகளில் ஒரு தலைமுறையின் முன்வரிசை பெருமளவுக்குக் காலியாகிவிட்டது. மயிலாடுதுறை தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது 2020 டிசம்பரில். மாவட்டம் பிறந்தபோது அதன் நவீன இலக்கிய முகங்கள் மூன்றும் மண்ணில் இல்லை.

இவர்களையும், இவர்களுக்கு முன்னும் பின்னும் போனவர்களையும் நாம் எப்படி நினைக்கிறோம், எப்படி நினைத்திருக்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. சிறுபத்திரிகை இயக்கம் மாலைக்கும் மேடைக்கும் எதிராக எழுந்த இயக்கம். அதன் ஆட்களுக்கு மாலையும் மேடையும் போட்டே நினைவு கொண்டாடினால், அவர்கள் எதை மறுத்தார்களோ அதையே அவர்கள் தலையில் கட்டுவதாகும்.

முதலில், இந்த எதிர்ப்பின் தன்மை என்ன என்று பார்த்துவிட வேண்டும். 1959 ஜனவரியில் சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ இதழைத் தொடங்கினார். அப்போது தமிழில் வாசிப்பு என்றால் பெரும்பத்திரிகைத் தொடர்கதை. கல்லூரித் தமிழ் என்றால் சங்கமும் காப்பியமும். கவிதை என்றால் யாப்பு, இல்லாவிட்டால் மேடை. செல்லப்பா விமர்சனத்துக்கு என்று ஒரு பத்திரிகை போட்டார். ந. பிச்சமூர்த்தியின் புதுக்கவிதைக்கு அதில் இடம் கொடுத்தார். திருகோணமலையிலிருந்து எழுதிய, பின்னாளில் பிரமிள் ஆன தருமு சிவராமு என்ற இளைஞனை ஆசிரியர் எழுதுவதற்கு இணையாக அச்சிட்டார். 1962இல் ‘புதுக்குரல்கள்’ தொகுப்பு வந்தது. 1968இல் சேலத்திலிருந்து சி. மணி முன்னின்ற ‘நடை’ வந்தது. முத்துசாமியின் முதல் நாடகமான ‘காலம் காலமாக’ அதில்தான் அச்சேறியது. பிறகு கசடதபற. ஞானரதம், பிரக்ஞை, யாத்ரா, ழ, கவனம், மீட்சி என்று அந்த வரிசை நீளும். கோவையில் 1971இல் எழுந்த ‘வானம்பாடி’ இவர்களோடு சண்டை போட்ட இன்னொரு கிளை. இரண்டு தரப்பும் ஒருவரையொருவர் மன்னிக்கவில்லை. அந்தச் சண்டையில்தான் இருபுறமும் கூர்மை ஏறியது.

அண்டை மொழிகளில் இதே காலத்தில் நடந்தது வேறு மாதிரி. வங்க மொழியில் 1961இல் ஒரு துண்டறிக்கையோடு ஹங்ரி இயக்கம் தொடங்கியது. 1964இல் அதன் எழுத்தாளர்களைப் போலீஸ் பிடித்தது. மலய் ராய் சௌத்ரியின் கவிதைமீது ஆபாச வழக்கு நடந்தது. கீழ்நீதிமன்றம் தண்டித்தது, 1967இல் உயர்நீதிமன்றம் விடுவித்தது. தெலுங்கில் திகம்பர கவிகள் 1965இல் தங்கள் முதல் தொகுப்பை ஹைதராபாத்தில் ஒரு ரிக்ஷா தொழிலாளியின் கையால் வெளியிட்டார்கள். நம்மிடம் கைதும் இல்லை, வழக்கும் இல்லை. நம் கலகக்காரர்கள் பெரும்பாலும் அரசு அலுவலகத்திலோ தனியார் நிறுவனத்திலோ குமாஸ்தாக்களாகவும் அதிகாரிகளாகவும் வேலை பார்த்தவர்கள். ஞானக்கூத்தன் பொதுப்பணித்துறை ஊழியர். கந்தசாமி இந்திய உணவுக் கழகத்தில் இருந்தார். மாலையில் கூடி இதழ் போட்டு, சொந்தக் காசை இழந்து, மறுநாள் காலையில் ஆபீஸ் போனார்கள்.

இதனால் இவர்கள் கலகக்காரர்களே அல்ல என்று சொல்கிறவர்கள் உண்டு. அதை நான் ஏற்கவில்லை. மொழிக்குள் நடக்கும் கலகத்துக்குப் போலீஸ் ஸ்டேஷன் சாட்சி தேவையில்லை. ஞானக்கூத்தனின் ‘காலவழுவமைதி’யை எடுத்துக்கொள்ளுங்கள். அறுபதுகளின் தமிழ் மேடைப்பேச்சு, அதன் அடுக்குச் சொல், அதன் இழுவை, ஒலிபெருக்கியில் அது மாறும் விதம் எல்லாவற்றையும் அந்தக் கவிதை ஓசையாலேயே பிடித்துக் காட்டிவிடும். மேடையால் ஆட்சிக்கு வந்த ஒரு கட்சி ஆளும் மாநிலத்தில், அந்த மேடையின் சத்தத்தை அரசு ஊழியர் ஒருவர் எழுதிக் காட்டினார். யாப்பை முழுக்கக் கற்று, அதைத் தெரிந்தே வளைத்தவர் அவர். யாப்பு தெரியாததால் புதுக்கவிதைக்கு வந்தார்கள் என்ற பழைய குற்றச்சாட்டு அவரிடம் நிற்காது.

ஆனால் வழக்கு இல்லாமல் போனதில் ஒரு பின்விளைவு இருக்கிறது. ஹங்ரி இயக்கத்துக்கு நீதிமன்றக் கோப்பு இருக்கிறது. பத்திரிகைச் செய்தி இருக்கிறது. உலகம் முழுவதும் அவர்களுக்காக எழுதப்பட்ட கடிதங்கள் இருக்கின்றன. மலய் 2023 அக்டோபரில் மறைந்தபோது நினைவுகூர்வதற்கு இவ்வளவும் கையில் இருந்தன. நம்மவர்களுக்குத் தரப்பட்ட தண்டனை கவனிக்காமல் விடுவது. கவனிக்காமல் விட்டதற்குக் கோப்பு இருக்காது. சில நூறு சந்தாதாரர்களுக்குப் போன இதழ்கள்தான் அவர்கள் இருந்ததற்கான ஆவணம். அந்த இதழ் போனால் எல்லாம் போயிற்று. தமிழ்ச் சிறுபத்திரிகை இயக்கத்தைப் பொறுத்தவரை நினைவு என்பது முதலில் காகிதத்தைக் காப்பாற்றும் வேலை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

நாம் இதுவரை செய்தது பெரும்பாலும் அந்த மற்றதைத்தான். அதில் முதன்மையானது அஞ்சலிக் கட்டுரை. தமிழில் அது இப்போது தனி இலக்கிய வகையாகவே ஆகிவிட்டது. ஓர் எழுத்தாளர் இறந்த இரண்டு நாளில் பத்துக் கட்டுரைகள் வருகின்றன. அவரைக் கடைசியாகச் சந்தித்தது, அவர் காப்பி கொடுத்தது, தோளில் கைபோட்டது எல்லாம் இருக்கும். அவருடைய எந்தக் கதை எதனால் நிற்கிறது, எது நிற்காது என்பது இருக்காது. செல்லப்பாவின் இதழ் தொடங்கப்பட்டதே இப்படிப்பட்ட பாராட்டு உரைநடைக்கு மாற்றாக. இந்த வகையில் என்ன சாத்தியம் என்பதற்கும் முன்னுதாரணம் நம்மிடமே இருக்கிறது. 1963இல் பொதுவுடைமைத் தலைவர் ஜீவா மறைந்தபோது சுந்தர ராமசாமி எழுதிய ‘காற்றில் கலந்த பேரோசை’. ஒரு மனிதரின் பேச்சு எப்படி எழும், எப்படிச் சுழலும், கேட்பவரை என்ன செய்யும் என்பதை அந்தக் கட்டுரை அருகில் நின்று பார்க்கிறது. அதில் அன்பும் இருக்கிறது, மதிப்பீடும் இருக்கிறது. மதிப்பீடு இருப்பதால் அன்பு குறைந்துவிடவில்லை. அறுபது ஆண்டுகள் கழித்தும் ஜீவாவை நேரில் கேட்காத ஒருவர் அதைப் படித்து அவர் குரலை ஊகிக்க முடிகிறது.

அதே சுந்தர ராமசாமி பிற்காலத்தில் வாய்மொழியாகச் சொல்லப் பதிவான ‘நினைவோடை’ வரிசை இன்னொரு வகை. க.நா.சு., செல்லப்பா, ஜி. நாகராஜன், கிருஷ்ணன் நம்பி, பிரமிள் என்று பலரைப் பற்றித் தனித்தனி நூல்கள். தகவல் வளமும் மனித முகமும் கொண்டவை. இந்த இயக்கத்தின் அகவாழ்க்கையை அறிய அவற்றைத் தவிர்க்க முடியாது. என்றாலும் ஒரு நியாயக் கேள்வி எஞ்சுகிறது. இருவருக்குள் நீண்ட பகை இருந்தது, ஒருவர் இறந்துவிட்டார், மற்றவர் நினைவுகூர்கிறார். இறந்தவர் பதில் சொல்ல முடியாது. பிரமிள் விஷயத்தில் இது கடுமையாகவே வெளிப்பட்டது. இதற்குத் தீர்வு நினைவு நூல் எழுதக்கூடாது என்பதல்ல. இறந்தவரின் தரப்பும் அச்சில் கிடைக்க வேண்டும் என்பதே. அந்த வேலையைக் கால சுப்ரமணியம் செய்தார். பல பெயர்களில், பல இதழ்களில் சிதறிக் கிடந்த பிரமிளின் கவிதைகளையும் கட்டுரைகளையும் தேடிச் சேர்த்துப் பதிப்பித்தது பல ஆண்டு உழைப்பு. பிரமிள் 1997 ஜனவரி 6இல், சொந்த நாட்டை விட்டு வெகுதூரத்தில், வேலூர்ப் பக்கம் கரடிக்குடியில் மறைந்தார். சொத்து இல்லை, குடும்பம் இல்லை. ஒரே ஒரு வாசகரின் பிடிவாதம் இல்லாவிட்டால் இன்று அவரைப் பற்றி வம்பு மட்டும் மிஞ்சியிருக்கும்.

வம்பு என்பதை யோசித்தே சொல்கிறேன். இந்த இயக்கத்தின் மறைந்தவர்களில் சிலருக்கு அவர்கள் எழுத்தைவிட அவர்கள் வாழ்க்கை பற்றிய கதை பெரிதாகிவிட்டது. ஜி. நாகராஜன் என்றால் குடி, அழுக்கு வேட்டி, 1981 பிப்ரவரியில் மதுரை அரசு மருத்துவமனையில் நேர்ந்த முடிவு. பிரமிள் என்றால் சண்டை. ஆத்மாநாம் என்றால் 1984இல் 33 வயதில் போனது. இந்தக் கதைகளைச் சொல்கிறவர்கள் அன்போடுதான் சொல்கிறார்கள். ஆனால் இளம் வாசகர் ஒருவர் இவற்றைக் கேட்டுவிட்டு, அழிந்துபோவதுதான் கலைஞனாவதற்கு வழி என்று எண்ணிவிடும் ஆபத்து இருக்கிறது. நாகராஜன் கணித ஆசிரியர், வகுப்பில் பேர் வாங்கியவர். 1974இல் வந்த ‘நாளை மற்றுமொரு நாளே’ நாவலில் கந்தனின் ஒரே நாளை அவர் கட்டியிருக்கும் விதத்தைப் பாருங்கள். கண்ணீரும் இல்லை, உபதேசமும் இல்லை. ஒரு சொல் மிகாத உரைநடை. தடுமாறும் கை அப்படி எழுதாது. தன்னை அழித்துக்கொண்டதால் அவர் நல்ல எழுத்தாளர் ஆகவில்லை. அழிவுக்கு நடுவிலும் வேலையில் சுத்தமாக இருந்ததால் ஆனார்.

ஆத்மாநாம் விஷயமும் அப்படித்தான். 1978இல் ‘ழ’ என்ற கவிதை இதழைத் தொடங்கி, கணக்கு, தபால், அச்சகம் என்று அதன் சுமையைத் தாங்கியவர் அவர். அவர் உயிரோடு இருந்தபோது வந்த ஒரே தொகுப்பு ‘காகிதத்தில் ஒரு கோடு’. மறைவுக்குப் பிறகு பிரம்மராஜன் கவிதைகளைத் தொகுத்து 1989இல் கொண்டுவந்தார், 2002இல் ‘ஆத்மாநாம் படைப்புகள்’ வந்தது. பிற்பாடு எந்தக் கவிதையின் எந்த வடிவம் சரியானது என்று விவாதம் எழுந்தது. அந்த விவாதத்தில் சூடு அதிகம் இருந்தது உண்மை. ஆனாலும் நான் அதை நல்ல அறிகுறியாகவே எடுத்துக்கொள்கிறேன். ஒரு கவிஞரின் ஒரு வரி எங்கே உடைகிறது என்பதற்காகச் சண்டை போடுகிறவர்கள் அவரை உண்மையில் நினைக்கிறார்கள். புதுமைப்பித்தன் கதைகளை ஆ.இரா. வேங்கடாசலபதி முதல் அச்சோடு ஒப்பிட்டுக் காலவரிசையில் பதிப்பித்தபோது, நவீன எழுத்துக்கும் இந்த அளவு பாட ஆராய்ச்சி தேவை என்பது நிலைபெற்றது. உ.வே.சா. ஏட்டுச்சுவடிக்குச் செய்ததை இருபதாம் நூற்றாண்டு அச்சுக்கும் செய்தாக வேண்டிய நிலையில் இருக்கிறோம். கசடதபறத் தலைமுறைக்கு அது இன்னும் முறையாகத் தொடங்கவில்லை.

விருதுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விளக்கு அமைப்பு புதுமைப்பித்தன் நினைவாகத் தரும் விருதும், விஷ்ணுபுரம் வட்டம் மூத்தவர்களுக்குத் தரும் விருதும் உயிரோடு இருப்பவர்களைத் தேடிப் போவதால் மதிப்புடையவை. ஞானக்கூத்தன் 2014இல் விஷ்ணுபுரம் விருது பெற்றார். இரண்டு ஆண்டுகள் கழித்து மறைந்தார். செல்லப்பாவின் கதை வேறு. வயதான காலத்தில் ‘சுதந்திர தாகம்’ என்ற மூன்று பாக நாவலைத் தானே அச்சிட்டார். தன் வெளியீடுகளை மூட்டையாகக் கட்டிக் கல்லூரி கல்லூரியாகக் கொண்டுபோய் விற்றவர் அவர். 1998 டிசம்பரில் போனார். 2001இல் அந்த நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது வந்தது. ஆள் போன பிறகு வந்த அந்த அங்கீகாரத்தைப் பற்றிப் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

முத்துசாமியை நினைப்பதில் நடந்திருப்பது தனியாகப் பார்க்க வேண்டியது. அவர் மறைந்த அன்று செய்திகளில் முன்னால் வந்து நின்றது, கூத்துப்பட்டறையில் பயின்று சினிமாவுக்குப் போன நடிகர்களின் பெயர்கள். நாசர், பசுபதி, விமல், விதார்த், கலைராணி. 1977இல் அவர் தொடங்கிய பட்டறை அவர்களை உருவாக்கியது உண்மை. அவர்களும் ஆசிரியரை நன்றியோடு சொன்னார்கள். ஆனால் நடிகர்களை உருவாக்கியவர் என்ற ஒரே வரியில் அவரை முடித்தால், ‘நாற்காலிக்காரர்’ எழுதியவரும், ‘அன்று பூட்டிய வண்டி’யில் தெருக்கூத்தைத் தமிழனின் தியேட்டர் என்று வாதாடியவரும், எல்லாவற்றுக்கும் மேலாக ‘நீர்மை’ எழுதியவரும் காணாமல் போகிறார்கள்.

‘நீர்மை’யைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். சிறு வயதிலேயே விதவையாகி, ஊரின் ஓரத்திலேயே முதுமை எய்தி, கடைசியில் பொழுதெல்லாம் குளத்து நீரில் கிடக்கும் ஒரு பெண்ணை, பையனாக இருந்து பார்த்த ஒருவர் நினைத்துப் பார்க்கும் கதை. கதையில் ஊர் இருக்கிறது, அக்ரஹாரம் இருக்கிறது, படித்துறை இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு நேர்ந்தது அநியாயம் என்று எந்த வாக்கியமும் சொல்வதில்லை. பையனின் பயமும் ஆர்வமும் சேர்ந்த பார்வை அவளைச் சுற்றிச் சுற்றி வருகிறது, அவ்வளவுதான். படித்து முடித்தவர் மனதில் அந்தக் குளம் தங்கிவிடும். புஞ்சைக் கோயிலின் இறைவன் நற்றுணையப்பர். அந்தப் பெயரையே வைத்து ‘நற்றுணையப்பன்’ என்று நாடகமும் எழுதினார் முத்துசாமி. சென்னையில் அறுபது ஆண்டுகள் இருந்தும் அவர் எழுத்தின் மண் புஞ்சையை விட்டு நகரவில்லை. புஞ்சை அவரை நினைக்கிறதா? கோயிலுக்கு வழி காட்டும் பலகை இருக்கிறது.

கந்தசாமியின் ‘சாயாவனம்’ வாசகர் வட்டத்தின் வெளியீடாக 1969இல் வந்தது. வெளிநாட்டில் பொருள் ஈட்டித் திரும்பிய சிதம்பரம் ஒரு வனத்தை விலைக்கு வாங்குகிறான். கரும்பாலை கட்ட அதை வெட்டுகிறான், முடியாதபோது கொளுத்துகிறான். இயற்கையைக் காப்போம் என்ற சொல்லே பத்திரிகையில் வராத காலத்தில் எழுதப்பட்டது. ஆனால் நாவலில் யாரும் இயற்கைக்காக அழுவதில்லை. ஊருக்கு இனி அந்த மரங்களின் நல்ல புளி கிடைக்காது என்ற பேச்சோடு முடிகிறது. காடு போனதன் கணக்கைப் புளியில் வைத்துக் காட்டியதுதான் அந்த நாவலின் மேதைமை. இறால் பண்ணைகளையும் நிலத்தடி நீர் உப்பாகியதையும் கண்ணால் பார்த்த காரைக்கால், நாகை, மயிலாடுதுறைக் கடலோர இளைஞர்கள் இதைவிட நெருக்கமாகப் படிக்க வேறு நாவல் இருக்காது. பாடத்தில் வைத்து நினைப்பது என்று ஒன்று உண்டு. இந்தக் கடலோரக் கல்லூரிகளின் பாடத்திட்டத்தில் ‘சாயாவனம்’ நிரந்தரமாக இருப்பது, பத்துச் சிலைகளுக்குச் சமம்.

காரைக்காலுக்கு நேரடியாக உரியவர் ஒருவரும் இந்த வரிசையில் இருக்கிறார். 2024 நவம்பரில் மறைந்த ராஜ் கௌதமன். விருதுநகர் மாவட்டத்துப் புதுப்பட்டியில் பிறந்து, காரைக்காலிலும் புதுச்சேரியிலும் கல்லூரியில் தமிழ் கற்பித்தவர். ‘சிலுவைராஜ் சரித்திரம்’, ‘காலச்சுமை’ என்ற தன்வரலாற்று நாவல்களில் ஒரு தலித் கிறிஸ்தவ இளைஞனின் படிப்பையும் வேலை தேடலையும் அவமானங்களையும் தன்னையே விடாமல் கேள்வி கேட்கும் குரலில் எழுதினார். சங்க இலக்கியத்தையும் தமிழ் அற நூல்களையும் அதிகாரத்தின் பக்கமிருந்து வாசித்துக் காட்டிய ஆய்வுகள் இன்னொரு பக்கம். முந்தைய தலைமுறையின் கலகத்தில் சாதி பற்றிய மௌனம் இருந்தது. எழுத்து, கசடதபறக் காலத்து இதழ்களை முன்னின்று நடத்தியவர்கள் ஆண்கள், பெரும்பாலும் மேல்சாதி நடுத்தர வர்க்கத்து ஆண்கள். 1990களில் ‘நிறப்பிரிகை’ இதழும் தலித் எழுத்தும் அந்த மௌனத்தை உடைத்தன. சிறுபத்திரிகை மறைந்தவர்களின் பட்டியலில் செல்லப்பாவோடும் முத்துசாமியோடும் ராஜ் கௌதமனையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அவர் அந்த மரபின் வாரிசு, அதைத் திருத்தியவரும் கூட. மறைந்தவர்களை மதிப்பது என்றால் அவர்கள் காணாததையும் சொல்வதுதான். விமர்சனத்துக்காகப் பத்திரிகை நடத்தியவர்கள் தங்களுக்கு மட்டும் விதிவிலக்குக் கேட்டிருக்கமாட்டார்கள்.

நினைவு என்பது எப்படி நிலைக்கும் என்பதற்கு இந்த மண்ணிலேயே இரண்டு பாடங்கள் இருக்கின்றன. காரைக்காலில் ஆனி மாதப் பௌர்ணமியில் மாங்கனித் திருவிழா. வணிகக் குடும்பத்துப் பெண்ணாக இருந்து, இல்லறத்தையும் அழகையும் உதறி, பேய் வடிவம் கேட்டுப் பெற்றுச் சுடுகாட்டை நடனமேடையாகப் பாடிய காரைக்கால் அம்மையார் என்ற கவிஞரை ஊரே கொண்டாடுகிறது. வேண்டுதல் உள்ளவர்கள் மாடியிலிருந்து மாம்பழங்களை வீசுவார்கள், கீழே கூட்டம் கையேந்திப் பிடிக்கும். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஒரு கவிஞரின் பெயரை ஊர்ப்பெயரோடு பிணைத்து வைத்திருக்கும் சமூகம் நம்முடையது. இது சாதாரணமல்ல. ஆனால் நினைவில் முன்னிற்பது மாங்கனி. அவர் எழுதிய அந்தாதியையும் பதிகங்களையும் படித்தவர்கள் அந்தக் கூட்டத்தில் மிகக் குறைவு. கலகம் மெல்ல மெல்லச் சடங்காகிவிடுகிறது. ஜி. நாகராஜனின் குடிக்கதைக்கும் இதற்கும் அடிப்படையில் வேறுபாடு இல்லை. வாழ்க்கையின் ஒரு நிகழ்ச்சி எழுத்தை மறைத்துவிடுகிறது.

இரண்டாவது, தேவாரம். சிதம்பரத்தில் பூட்டிக் கிடந்த ஏடுகளைக் கரையான் அரித்தது போக எஞ்சியதை ராஜராஜன் காலத்தில் நம்பியாண்டார் நம்பி மீட்டார் என்பது மரபு. திருவேட்டக்குடிப் பதிகம் அப்படித்தான் நம் கைக்கு வந்திருக்கிறது. எத்தனையோ ஊர்களின் பதிகங்கள் வரவில்லை. மீட்டதோடு நின்றிருந்தாலும் பயனில்லை. ஓதுவார்கள் அவற்றைத் தினமும் பாடினார்கள். மாசி மகத்தன்று சுவாமி கடலாடப் போகும்போதும் பாட்டு கூடவே போகிறது. ஏட்டைக் காப்பாற்றுவது, பிறகு அதை வாயால் சொல்லிக்கொண்டே இருப்பது. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் மற்றது நிற்காது.

நம் சிறுபத்திரிகைகளின் ஏடுகள் இப்போது கரையான் நிலையில்தான் இருக்கின்றன. எழுபதுகளின் இதழ் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நடுவில் அடித்த பின் துருப்பிடித்துத் தாளில் செம்பழுப்பாய்ப் படிந்திருக்கும். மடித்துத் தபாலில் போட்ட இடத்தில் தாள் பிளந்திருக்கும். விரலை அழுத்தினால் ஓரம் உதிரும். பின்னட்டையில் சந்தா விவரமும் அடுத்த இதழ் தாமதமாகும் என்ற அறிவிப்பும் இருக்கும். இதழ்த் தொகுப்பு நூல்கள் சில வந்திருக்கின்றன, நல்ல காரியம். ஆனால் அவை தேர்ந்தெடுத்த கதை கவிதைகளையே தருகின்றன. வாசகர் கடிதம், மறுப்பு, விளம்பரம், கடன் கணக்கு எல்லாம் விடுபட்டுவிடும். ஓர் இயக்கம் எப்படி மூச்சுவிட்டது என்பது அந்தப் பக்கங்களில்தான் தெரியும். இரண்டு இதழில் எழுதிவிட்டு மறைந்த பெயர்களும் அங்கேதான் கிடக்கின்றன.

இதற்கு முன்மாதிரி ஈழத்தமிழர்களிடம் இருக்கிறது. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டதைக் கண்ட சமூகம் அது. 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் நிறுவனம் தன்னார்வலர்களின் உழைப்பால் ஆயிரக்கணக்கான நூல்களையும் இதழ்களையும் முழுமையாக மின்னுருவாக்கி எல்லோருக்கும் திறந்துவைத்திருக்கிறது. டொமினிக் ஜீவா 1966இலிருந்து நடத்திய ‘மல்லிகை’யை, அவர் மறைந்த பின்னும் திருவேட்டக்குடியில் உட்கார்ந்து கைப்பேசியில் பக்கம் பக்கமாகப் படிக்கலாம். கசடதபறவை அப்படி எளிதாக வரிசையாகப் படிக்க முடிவதில்லை. போரும் இடப்பெயர்வும் கண்டவர்கள் செய்ததை, ஏழு கோடிப் பேர் அமைதியாக வாழும் மாநிலம் செய்யாமல் இருப்பதற்குக் காரணம் சொல்ல முடியாது. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும், புதுக்கோட்டையில் ஞானாலயாவும் சேர்த்துவைத்திருப்பது பெரும் செல்வம். தனிமனிதர்களின் வெறியால் பிழைத்த செல்வம். அரசின் இணையக் கல்விக்கழகம் பழைய நூல்களை மின்னுருவாக்குவதில் நல்ல பணி செய்திருக்கிறது. சிறுபத்திரிகைகளை முழு வரிசையாகத் தேடிச் சேர்ப்பதை அது தனித் திட்டமாக எடுக்க வேண்டும்.

எங்கள் கடலோரத்தில் இதற்கு ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. காரைக்கால் புதுச்சேரி ஆட்சிப்பரப்பு, மயிலாடுதுறை தமிழ்நாடு. பத்து நிமிடப் பேருந்துப் பயணத்தில் எல்லை மாறுகிறது, நூலகத்துறை மாறுகிறது, பாடத்திட்டம் மாறுகிறது. புஞ்சைக்காரரை நினைப்பது காரைக்காலின் வேலையல்ல, காரைக்காலில் கற்பித்தவரை நினைப்பது மயிலாடுதுறையின் வேலையல்ல என்று இரண்டு பக்கமும் விட்டுவிட வசதியாக இருக்கிறது. காவிரிக்கும் கடலுக்கும் அந்த எல்லை தெரியாது. 1712, 1713 வாக்கில் தரங்கம்பாடிக்கு அச்சு எந்திரம் வந்ததும், அங்கிருந்து தமிழ் அச்சு இந்தியாவெங்கும் பேர் பெற்றதும் இந்தக் கரையில்தான். இன்று திருவேட்டக்குடியிலேயே தேசியத் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. மின்னுருவாக்கம், எழுத்துணரி, தரவுச் சேமிப்பு என்று தேவையான அறிவெல்லாம் அதன் மாணவர்களிடம் இருக்கிறது. மயிலாடுதுறை மாவட்ட நூலகம், காரைக்கால் அரசுக் கல்லூரித் தமிழ்த்துறை, இந்தக் கழகம் மூன்றும் சேர்ந்தால் கசடதபறவின் முழு வரிசையையும், மூன்று கடைமடை எழுத்தாளர்களின் முதல் பதிப்புகளையும் ஓரிரு ஆண்டில் பொதுவில் வைத்துவிடலாம். பணம் அதிகம் வேண்டியதில்லை. யாராவது கேட்க வேண்டும்.

கேட்க வேண்டியவர்கள் வாசகர்கள்தான். அதற்கு முன்னால் உங்களால் இன்றே முடிவது ஒன்று உண்டு. தஞ்சை, நாகை, காரைக்கால் வட்டாரத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், தபால், ரயில்வே, வங்கி ஊழியர்கள் வீட்டுப் பரணில் எழுபதுகளின் சிறுபத்திரிகைக் கட்டுகள் இன்னும் இருக்கின்றன. வீடு இடிக்கும்போதும் பாகம் பிரிக்கும்போதும் அவை பழைய பேப்பர்க் கடைக்குப் போகின்றன. உங்கள் வீட்டில் எழுத்து, நடை, கசடதபற, ழ, யாத்ரா, பிரக்ஞை என்று எந்தப் பெயர் போட்ட ஒற்றை இதழ் கிடைத்தாலும், அட்டை இல்லாவிட்டாலும், எடைக்குப் போடாதீர்கள். ரோஜா முத்தையா நூலகத்துக்கோ ஞானாலயாவுக்கோ எழுதுங்கள். அனுப்புவதற்கு முன் நீங்களே ஒருமுறை முழுதும் படியுங்கள். படித்ததில் ஒரு கதையை வீட்டில் யாருக்காவது உரக்க வாசித்துக் காட்டுங்கள்.